நாலாவது கேள்விக்கு என்ன பதில்?

தம்பி: நம் குடும்பக் குழுவின் ஞாயிறு வினாடி வினா, 4ஆவது கேள்வி. 1988இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கால்பந்து கிளப் எது?

அத்தை: மான்செஸ்டர்.

அண்ணன்: விம்பிள்டன்.

அத்தை: அங்கே டென்னிஸ்தானே ஆடுவார்கள்?

தம்பி: அண்ணன் சொன்னது சரி, 2 மதிப்பெண். கூடுதல் தகவல்: அந்த விம்பிள்டன்தான் இப்போது எம்.கே. டான்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது.

மாமா: டேய், அந்தக் கடைசி வரியை அழி.

அண்ணன்: போச்சு. மாமாவைக் கிளப்பிவிட்டாய். இனி ராத்திரி வரைக்கும் ஓடும்.

தம்பி: ஏன் மாமா? கிளப் ஊர் மாறியது, பெயர் மாறியது. அவ்வளவுதானே?

மாமா: அவ்வளவுதானா? 1889இல் ஆரம்பித்த கிளப் அது. 1912இலிருந்து பிளவ் லேன் மைதானம்தான் அவர்களுக்கு வீடு. 1963இல் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தில் எடி ரெனால்ட்ஸ் என்பவர் நாலு கோல் போட்டார். நாலும் தலையால் முட்டியது.

அத்தை: தலை வலிக்காதா?

மாமா: 1975இல் அவர்கள் இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் ஆடும் லீக்குக்குள்கூட இல்லை. இருந்தும் லீட்ஸ் யுனைடெட் மைதானத்துக்கே போய் 0-0 என்று சமன் செய்தார்கள். பீட்டர் லோரிமர் அடித்த பெனால்டியை டிக்கி கய் (Dickie Guy) என்ற கோல்கீப்பர் பிடித்துவிட்டார். லோரிமர் உதை என்றால் அந்தக் காலத்தில் பீரங்கி.

மாமா: 1977இல் லீக்குக்குள் நுழைந்தார்கள். ஒன்பதே வருடம். 1986இல் அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷன்.

அண்ணன்: அந்த முரட்டுக் கும்பலைப் பார்த்து மற்ற அணிகள் முகம் சுளித்ததையும் சொல்லுங்கள். பந்தைத் தூக்கி அடி, பின்னாலேயே ஓடிப்போய் மோது. அவ்வளவுதான் அவர்கள் ஆட்டம்.

மாமா: ஒத்துக்கொள்கிறேன், பார்க்க அழகாக இருக்காது. அவர்களுடைய ஆட்டக்காரர் வின்னி ஜோன்ஸ் கட்டட வேலையில் செங்கல் சுமந்துவிட்டு வந்த ஆள், அவரிடம் போய் நளினம் கேட்டால்? ஆனால் 1988 இறுதி ஆட்டத்தில் விம்பிள்டனின் சான்செஸ் தலையால் ஒரு கோல், லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியைத் தடுத்தது விம்பிள்டன் கோல்கீப்பர் பீசன்ட். லண்டன் வெம்பிளி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் முறை. கோப்பையைக் கொடுத்தது இளவரசி டயானா.

அத்தை: டயானாவா! அதை முதலில் சொல்லியிருந்தால் நானும் ஒழுங்காகப் படித்திருப்பேன்.

நான்: சரி மாமா, எம்.கே. டான்ஸ் எங்கே வருகிறது?

மாமா: 1991இல் பிளவ் லேனை விட்டுவிட்டு கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் ஒட்டுக்குடித்தனம் போனார்கள். முதலாளி பழைய மைதானத்தை ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்றார். கிளப்பும் கை மாறியது. 2000இல் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கினார்கள். எந்த நாள் தெரியுமா? மே 14. கோப்பை வென்று சரியாகப் பன்னிரண்டு வருடம்.

மாமா: கடைசியில் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மில்டன் கீன்ஸுக்கே கிளப்பைக் கொண்டுபோகிறோம் என்றார்கள். எம்.கே. என்றால் அந்த ஊர்தான். 2002 மே மாதம் மூன்று பேர் குழு, இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது.

அண்ணன்: போகாவிட்டால் கிளப் செத்திருக்கும் மாமா. 2003இல் திவாலாகி நிர்வாகிகள் கையில் போனதே. கணக்கு என்று ஒன்று இருக்கிறது.

மாமா: கணக்கா? இதைக் கேள். 2002 அக்டோபரில் பழைய கிளப் ராதர்ஹாமுடன் ஆடிய லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். ரசிகர்கள் புதிதாக ஆரம்பித்த ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் முதல் நட்பு ஆட்டத்துக்கு, அதுவும் 4-0 என்று தோற்ற ஆட்டத்துக்கு, 4,657 பேர். இப்போது சொல், கிளப் எந்தப் பக்கம் போனது?

நான்: ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

மாமா: விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடலில் தேர்வு வைத்தார்கள். சுமார் 230 பேர் வந்தார்கள். ஒன்பதாவது அடுக்கில் ஆரம்பித்து, தொடர்ந்து 78 லீக் ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார்கள். 2011இல் லூட்டனை பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்துவிட்டார்கள். இங்கேயும் ஒன்பதே வருடம்!

அண்ணன்: 2012இல் இரண்டு கிளப்பும் முதல் தடவை மோதியபோது யார் ஜெயித்தார்கள் மாமா?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன்: 😂 2-1. எம்.கே. டான்ஸ்.

மாமா: 2014இல் அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று திருப்பிக் கொடுத்தாயிற்று. அதைத் தேடிப் பார்.

நான்: ஒன்று கேட்கட்டுமா? மில்டன் கீன்ஸில் பிறந்து, சின்ன வயதிலிருந்து அந்த அணியைப் பார்க்கிற பையன் என்ன பாவம் செய்தான்?

மாமா: ஒரு பாவமும் இல்லை. பிறகு இங்கிலாந்துக்கே ஆடிய டெலி ஆலி அந்த ஊர்ப் பையன்தான், அங்கேதான் வளர்ந்தான். 2014இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தார்களே, அது முழுக்க அவர்களுடைய சரித்திரம். 1988 அவர்களுடையது இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவர்களே ஒத்துக்கொண்டார்கள். 2007இல் பழைய விம்பிள்டன் கோப்பைகளையெல்லாம் விம்பிள்டன் இருக்கிற மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

தம்பி: அட, இது எனக்குத் தெரியாது.

அண்ணன்: சரி, இந்த ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

மாமா: 2020 நவம்பரில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிளவ் லேனிலேயே புது மைதானம் திறந்தது. பழைய இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பெயர் ரெனால்ட்ஸ் கேட்.

நான்: அந்த நாலு தலை கோல் ரெனால்ட்ஸா?

மாமா: அவரேதான்.

அத்தை: அங்கே முதல் ஆட்டத்தில் கூட்டம் அலைமோதியிருக்குமே?

மாமா: கொரோனா காலம். காலி இருக்கைகளுக்கு நடுவே டான்காஸ்டருடன் 2-2. இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள்.

அத்தை: அடப்பாவமே.

தம்பி: திருத்தம். 4ஆவது கேள்வி, விடை: விம்பிள்டன். எம்.கே. டான்ஸ் வரி நீக்கப்பட்டது. தவறான தகவல் தந்ததற்காக எனக்கே ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

அத்தை: என் மான்செஸ்டருக்கு அரை மதிப்பெண்ணாவது உண்டா? 4-0 கதையில் வந்ததே.

தம்பி: அதில் தோற்றது அவர்கள்தான் அத்தை. 5ஆவது கேள்வி...