ஹேட்ரியன் நாணயத்தில் இருப்பது காட்டு முயலா, குழிமுயலா?

நாணயப்பித்தன்:
ரோமப் பேரரசர் ஹேட்ரியன் (ஆட்சி 117–138) வெளியிட்ட நாணயம் ஒன்றில், ஹிஸ்பானியா மாநிலம் (இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பம்) ஒலிவக் கிளையை ஏந்திச் சாய்ந்திருக்கும் பெண்ணாகவும், அவளருகே ஒரு சிறு முயலும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழில் இரண்டு விலங்குகளையுமே நாம் முயல் என்று சொல்லிவிடுகிறோம். இது வளை தோண்டும் குழிமுயலா, திறந்த வெளியில் வாழும் காட்டு முயலா? ஒரு மாநிலத்துக்கு இதை ஏன் அடையாளமாக்கினார்கள்?

பழஞ்சுவடி:
குழிமுயல்தான். உருவத்தைவிட இடமே இங்குச் சான்று. குழிமுயலின் தாயகம் ஐபீரியத் தீபகற்பம்; ரோமக் கவிஞர் கட்டுல்லுஸ் அங்குள்ள கெல்டிபேரியா பகுதியையே ‘குழிமுயல் மலிந்த நாடு’ என்று எள்ளியிருக்கிறார். பாலியாரிக் தீவுகளில் இவை விளைச்சலை அழித்ததால், அத்தீவினர் பேரரசர் அகஸ்டஸிடம் படையுதவி கேட்டார்கள் என்றும், வளைக்குள் புகுந்து இவற்றை வெளியே விரட்டும் கீரி போன்ற விலங்கைப் பெரிதும் மதித்தார்கள் என்றும் ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். முயலை விரட்டப் பேரரசின் படை! லத்தீனில் காட்டு முயல் ‘லெபுஸ்’, குழிமுயல் ‘குனிகுலுஸ்’. மதிலுக்கு அடியில் தோண்டும் சுரங்கத்துக்கும் ‘குனிகுலுஸ்’ என்றே பெயர்.

கல்லோவியன்:
முடிவு சரியே, ஆனால் ரோமர்கள் இரண்டையும் வேறு இனங்களாகக் கருதினர் என்று கொள்ளக் கூடாது. கி.மு. 37-இல் வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ, குழிமுயலை ஸ்பெயினில் பிறக்கும் மூன்றாவது முயல் வகை என்றே சேர்க்கிறார்.

ஐயமறத் தெரியும் காட்டு முயலைக் காண வேண்டுமானால் பிரிட்டனுக்குப் போக வேண்டும். சைரன்செஸ்டரில் 1971-இல் கண்டெடுக்கப்பட்ட 4-ஆம் நூற்றாண்டு மொசைக் தரையின் நடுவே, நீண்ட காதுகளுடன் மேய்ந்துகொண்டிருக்கும் முயலை வண்ணக் கற்களால் அத்தனை உயிர்ப்போடு அமைத்திருக்கிறார்கள். செட்வொர்த் மாளிகையின் தரையிலோ, முக்காடிட்ட மனித உருவில் குளிர்காலம் கையில் வேட்டை முயலைத் தொங்கவிட்டபடி நிற்கிறது. அதே பிரிட்டானியர், ரோமர் ஆட்சிக்கு முன்பு முயலிறைச்சி உண்பதைத் தகாததாகக் கருதினர் என்றும், பொழுதுபோக்குக்காகவே அவற்றை வளர்த்தனர் என்றும் சீசர் குறித்திருக்கிறார்.

பழஞ்சுவடி:
வர்ரோவைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். பிரிட்டனிலும் குழிமுயல் அறவே இல்லாமல் இல்லை: ஃபிஷ்போர்ன் அரண்மனையில் 1964-இல் அகழ்ந்தெடுத்த சிறு கால் எலும்பு ஒன்று, முதல் நூற்றாண்டுக் குழிமுயலுடையது என்று 2019-இல் உறுதியானது. அதில் வெட்டுத் தடம் ஏதும் இல்லாததால், அது செல்லப்பிராணியாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

நாணயப்பித்தன்:
இருவருக்கும் நன்றி. தேய்ந்துபோன நாணயத்தில் காதின் நீளத்தை அளந்து முடிவுகட்ட இனி முயல மாட்டேன்.