மறு: எஸ்எஸ்டி-க்குக் கலைச்சொல்: "திண்மச் சேமிப்பகம்" போதும்

வணக்கம் நண்பர்களே,

மடிக்கணினியில் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (தகவலைச் சிப்புகளில் சேமிக்கும் கருவி) பொருத்துவதற்காக நம் குழு எழுதும் கையேடு, எஸ்எஸ்டியைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறது. இதுவரை வந்த மடல்களில் நான்கு பரிந்துரைகள் உள்ளன: திட நிலை இயக்கி, திண்மநிலை வட்டு, சில்லுத் தேக்கி, திண்மச் சேமிப்பகம். என் ஓட்டு கடைசிச் சொல்லுக்கு. மற்ற மூன்றும் ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கையேட்டை நம்பித்தான் ஒருவர் கடையில் காசு கொடுக்கப்போகிறார்.

> "திட நிலை இயக்கி" இணையத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. புழங்கும் சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

புழங்குகிறது, சரி. ஆனால் பெரும்பாலும் எந்திர மொழிபெயர்ப்பில் வந்த பக்கங்களில்தான் அது கண்ணில் படுகிறது. வாயில் புழங்குவது எஸ்எஸ்டி மட்டும்தான். இதைவிடப் பெரிய சிக்கல், "இயக்கி" என்ற சொல்லை நாம் வேறொன்றுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். பிரிண்டர் இயக்கி, வைஃபை இயக்கி என்று டிரைவர் மென்பொருளுக்கு அது நிலைத்துவிட்டது. நம் கையேட்டிலேயே "புதிய இயக்கியைத் திருகாணியால் இறுக்கவும், பிறகு இயக்கிகளைப் புதுப்பிக்கவும்" என்று அடுத்தடுத்து வரி வரும். முதல் இயக்கி கையில் பிடிக்கும் பொருள், அடுத்தது மென்பொருள். முதன்முறை கணினியைத் திறப்பவரை இப்படிக் குழப்பக் கூடாது.

> உள்ளே என்ன இருந்தால் என்ன, வேலை ஒன்றுதானே? "திண்மநிலை வட்டு" என்றால் எல்லோருக்கும் புரியும்.

வேலை ஒன்றுதான், நடத்தை ஒன்றல்ல. 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றின் உறையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரும்பாலும் வெற்றிடம், ஒரு ஓரத்தில் சின்ன மின்பலகை, அதில் சில சில்லுகள் (சிப்), அவ்வளவுதான். சுழலும் தட்டும் இல்லை, அதன்மேல் அலைந்து தகவலைப் படிக்கும் முனையும் இல்லை. நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் நிலைவட்டில் (ஹார்டு டிஸ்க்) ஒரு சுற்றுக்கே 11 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தகவல் முனைக்கு அடியில் வந்துசேரும்வரை கணினி காத்திருக்கிறது. பழைய மடிக்கணினி திணறுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டி போட்டதும் அது போய்விடுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவே (கெர்னல்) இந்த வேறுபாட்டைத்தான் குறித்துவைக்கிறது: சேமிப்புக் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் "ரோட்டா" பத்தியைக் கேட்டுப் பாருங்கள், சுழலும் வட்டுக்கு 1, மற்றதற்கு 0.

வட்டு என்று பெயர் வைத்தால் படிப்பவர் வட்டுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்வார். மாதத்துக்கு ஒருமுறை டிஃபிராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) போடுவார். இங்கே அதனால் பயனில்லை, எழுதும் ஆயுள்தான் வீணாகக் குறையும். டக் டக் என்று சத்தம் வந்தால் காப்பு (பேக்கப்) எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பார். எஸ்எஸ்டி சத்தம் போடாது, பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நாளில் போய்விடும். அழித்த கோப்பைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்றும் நினைப்பார். டிரிம் (அழித்த கோப்பின் இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லிக் காலியாக்க விடும் வசதி) வேலை செய்யும் எஸ்எஸ்டியில் அது ஏறக்குறைய நடக்காத காரியம். இத்தனை எச்சரிக்கையையும் கையேட்டில் எழுதிவிட்டு, பெயரில் மட்டும் வட்டு என்று விடுவது எனக்கு ஒப்பவில்லை.

"சில்லுத் தேக்கி" எனக்குப் பிடித்த சொல். சென்னையில் மட்டும் படிக்கப்படும் கையேடாக இருந்திருந்தால் அதற்கே ஓட்டுப் போட்டிருப்பேன். ஆனால் இந்தக் குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஊரில் சில்லு என்றால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. சுழலாத ஒரு பொருளுக்கு நாம் வைக்கும் பெயர், அங்கே சுழலும் பொருளின் பெயராகக் காதில் விழும். இரு கரையிலும் படிக்கப்படும் கையேட்டுக்கு இது சரிவராது. போதாக்குறைக்கு "தேக்கி" என்றதும் மின்தேக்கி நினைவுக்கு வருகிறது. அது கெப்பாசிட்டர், வேறொரு மின்னுறுப்பு.

சரி, திண்மச் சேமிப்பகம் ஏன்? திண்மம் இரண்டு நாட்டுப் பள்ளி அறிவியல் பாடத்திலும் இருக்கிற சொல். திண்மநிலை இயற்பியல் என்று கல்லூரியிலும் தொடர்கிறது. சேமிப்பகம் கைப்பேசியின் தமிழ் அமைப்புகளில் நாள்தோறும் கண்ணில் படுவது. "நினைவகம்" என்று வைக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கூடாது தம்பி, 8 ஜிபி ரேமையும் 256 ஜிபி எஸ்எஸ்டியையும் ஒரே "மெமரி"யாக நினைத்துக் குழம்புபவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். ரேம் நினைவகமாகவே இருக்கட்டும்.

சொல் நீளம் என்பது நியாயமான குறை. முதல்முறை "திண்மச் சேமிப்பகம் (எஸ்எஸ்டி)" என்று எழுதிவிட்டு, அப்புறம் "திண்மகம்" என்று சுருக்கிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்குக்கு நிலைவட்டா வன்தட்டா என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டாம். கையேட்டில் நிலைவட்டு என்றே போகிறது.

இன்னொன்று. ஒரு சொல்லோடு வேலை முடியாது. சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி கேட்டால் அடுத்த கேள்வி "சாட்டாவா, என்விஎம்இ-யா?" என்பதுதான். அங்கே திணறி, "எம்.2 கொடுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. எம்.2 என்பது பலகையின் வடிவமும் செருகும் இடமும். சாட்டாவும் என்விஎம்இ-யும் தகவல் போகும் வழி. ஒரே எம்.2 வடிவத்தில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. சில மடிக்கணினிகளில் எம்.2 செருகுவாய் சாட்டாவுக்கு மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். என்விஎம்இ பலகை அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே வடிவம், இணைப்பு என்ற இரண்டு சொல்லையும் கையேடு முழுக்கப் பிரித்தே ஆள வேண்டும். 2280 என்ற எண்ணையும் விளக்கிவிடலாம்: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்பவை நீளம் குறைந்தவை.

சொற்கள் வரியில் எப்படி உட்காருகின்றன என்று பார்க்க, வரைவிலிருந்து ஒரு பத்தி:

"2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கிடைத்த கணினியா? அதில் இருப்பது 2.5 அங்குல நிலைவட்டு. அதே வடிவத்தில், சாட்டா இணைப்புள்ள திண்மகம் வாங்குங்கள். விநாடிக்கு சுமார் 550 மெகாபைட்டுக்கு மேல் சாட்டாவில் போகாது, அதனால் வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். திண்மகத்தின் தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். பழைய வட்டு 9.5 மில்லிமீட்டர் என்றால், ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம். பழைய வட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உறை ஒன்றில் போட்டு யுஎஸ்பி வழியாகக் காப்புக்கு வைத்துக்கொள்ளலாம்."

டிபிடபிள்யூ-வுக்கு (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று நிறுவனம் சொல்லும் அளவு) "எழுதும் ஆயுள்" என்று எழுதியிருக்கிறேன். சாம்சங்கின் 870 எஸ்எஸ்டி வரிசையில் 1 டெராபைட் ஈவோவுக்கு அது 600 டெராபைட், அதே கொள்ளளவு கியூவிஓவுக்கு 360. முதலாவது தகவல் வைக்கும் ஓர் அறையில் (செல்) 3 பிட், அடுத்தது 4 பிட் வைக்கிறது. செல் என்பதற்கு "அறை" சரியா, "கலம்" சரியா என்று மின்னணுவியல் படித்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இரண்டும் ஓகே.

முடிவாகாத சொல் ஒன்று இருக்கிறது. எம்.2 பலகையின் முனையில் தங்கநிறப் பற்களுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ பள்ளம் இருக்கும். ஒரு பள்ளம் என்றால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு என்றால் பெரும்பாலும் சாட்டா. வாங்குபவர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அடையாளம் இது, அதனால் நல்ல பெயர் வேண்டும். "வெட்டு" என்றால் உடைந்துபோனது போல இருக்கிறது. தச்சு வேலையில் மரத்தில் செதுக்கும் பள்ளத்துக்குச் சொல்லும் "காடி" பொருந்தும் என்று தோன்றுகிறது. இலங்கையில் தச்சர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் யாராவது கேட்டு எழுதுங்கள். அது வந்ததும் மூன்றாவது அத்தியாயத்தை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்