கான்கிரீட் கால்வாயாகிவிட்ட நகர ஆறு: உடைப்பதா, செடி நடுவதா, நடைபாதையா? எது முதலில்?

ஓடைக்கரை:
வணக்கம். நகருக்குள் ஓடும் சிற்றாற்றில் 900 மீட்டர் நீளத்துக்குத் திட்டம் எழுதுகிறோம். அடியும் இரு சரிவுகளும் கான்கிரீட். அடி அகலம் 6 மீட்டர், ஆழம் 2.5 மீட்டர். மழையில்லாத நாட்களில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இடது கரையில் 15 மீட்டர் அகலத்துக்குத் திறந்த நிலம் இருக்கிறது. கான்கிரீட்டை எடுத்துவிட்டுச் செடி நட்டால் வெள்ளம் வெளியே ஏறுமா? அரிப்பைத் தடுக்க எதை, எப்படி நடுவது? நடைபாதை எந்த மட்டத்தில் வர வேண்டும்?

நீரோட்டம்:
ஏறும், இதே குறுக்குவெட்டை வைத்துக்கொண்டால். பரப்பின் சொரசொரப்பு தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் மேனிங் எண் கான்கிரீட்டுக்கு சுமார் 0.015, நாணலும் புல்லும் அடர்ந்த கரைக்கு 0.045 வரை போகும். சரிவும் அளவும் மாறாமல் இருந்தால் ஆறு கொண்டுபோகும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அந்த இழப்பை அகலத்தால்தான் ஈடுகட்ட முடியும். உங்கள் 15 மீட்டர் நிலத்தைப் பூங்காவாக வரையாதீர்கள், வெள்ளப்படுகையாக வரையுங்கள். அடியில் 1.5 முதல் 2 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழத்தில் வளைந்து செல்லும் சிறு ஓடை; அதற்கு மேலே தாழ்வான படுகை. கோடையில் தண்ணீர் ஓடைக்குள் சேர்ந்து ஓடினால்தான் மீனுக்கு ஆழம் கிடைக்கும்.

சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் செய்ததும் இதைத்தான். 2.7 கி.மீ. நேர்க் கால்வாய் 3.2 கி.மீ. வளைந்த ஆறாக 2012-இல் மாறியது. பெருமழையில் பூங்கா நிலமே ஆற்றின் அகலமாகிவிடுகிறது.

அடிக் கான்கிரீட்டை எடுக்கும்போது படுகை தாழத் தொடங்கும். அந்த அரிப்பு மேல்நோக்கி நகர்ந்து பாலத்தின் அடித்தளத்தையும், குறுக்கே புதைந்த குழாய்களையும் வெளியே கொண்டுவந்துவிடும். ஆகவே 900 மீட்டரின் இரு முனைகளிலும், ஒவ்வொரு பாலத்துக்குக் கீழும் கல் குறுக்குத்தடை புதைத்த பிறகே உடையுங்கள். அகலப்படுத்த இடமில்லாத பாலத்தடியில் கான்கிரீட் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேர்ப்பிடி:
ஓடும் நீர் மண்ணை இழுக்கும் விசையின் கணக்கு எளிது: ஆழம் × சரிவு × 9810 (ஒரு கன மீட்டர் நீரின் எடை, நியூட்டனில்). 2 மீட்டர் ஆழமும் 500-க்கு 1 சரிவும் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 39 நியூட்டன். வேரூன்றிய புல் இதைத் தாங்கும், புதிதாக வெட்டிய வெறும் மண் தாங்காது. வேர் பிடிக்கும்வரை பொறுப்பு தென்னை நாருக்கு.

கரைச் சரிவு 3-க்கு 1, அதாவது 3 மீட்டர் கிடைமட்டத்துக்கு 1 மீட்டர் உயரம். அதைவிடச் செங்குத்தாக வைக்காதீர்கள். கரையின் அடிக்கால்தான் முதலில் போகும் இடம், அங்கே கல் அடுக்குங்கள். அதன்மேல் 30 செ.மீ. விட்டமுள்ள நார் உருளையைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து, இரு பக்கமும் மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். உருளை வழக்கமான நீர்மட்டத்திலேயே இருக்க வேண்டும்: உயர்ந்தால் அதில் நட்ட கோரை காயும், தாழ்ந்தால் மூழ்கி அழுகும். வரிசையின் முனைகளைக் கரைக்குள் 1 மீட்டர் திருப்பிப் புதைக்காவிட்டால் வெள்ளம் பின்புறமாகப் புகுந்து மொத்த வரிசையையும் பிடுங்கிவிடும்.

மேலே நார்ப்பாய். உச்சியில் 30 செ.மீ. பள்ளத்தில் புதையுங்கள், மேல்நீர்ப் பக்கத்துப் பாய் கீழ்நீர்ப் பக்கத்துப் பாயின்மேல் படிய வேண்டும். பாய்க்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அடியிலேயே மண் ஓடும், தூவிய புல் விதையும் முளைக்காது.

பிறகு போத்து, அதாவது நட்டால் வேர்விடும் கிளைத்துண்டு: நொச்சி, குளிர்நாட்டில் வில்லோ. 60–90 செ.மீ. நீளம், கட்டைவிரல் பருமன். கடப்பாரையால் துளையிட்டு, முக்கால் பங்கு மண்ணுக்குள், மொட்டு மேல்நோக்கி. அடிமுனை ஈரத்தைத் தொடாவிட்டால் துளிர்த்துவிட்டுப் பட்டுப்போகும். வெட்டிய அன்றே நட முடியாவிட்டால் தண்ணீரில் ஊறவையுங்கள். நார் சில ஆண்டுகளில் மக்கிவிடும், அதற்குள் வேர் பொறுப்பேற்றாக வேண்டும். பெருமழைக் காலத்துக்குச் சில மாதம் முன்பே நடவு முடிவது அவசியம்.

ஓடைக்கரை:
மிக்க நன்றி. ஒன்று விட்டுப்போனது: இரண்டு மழைநீர்க் குழாய்கள் ஆற்றில் விழுகின்றன. வாடை வருகிறது.

தெளிநீர்:
அப்படியானால் உங்கள் முதல் வேலை அதுதான். மூன்று நாள் மழையில்லாதபோதும் குழாயில் ஓட்டம் இருந்தால் கழிவுநீர் தவறாக இணைந்திருக்கலாம், அல்லது சாக்கடைக் குழாய் கசியலாம். கழிவுநீரைக் காட்டிக்கொடுக்கும் அமோனியாவை அளந்தபடியே ஆளிறங்கு குழிகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கித் திறந்து போங்கள். அளவு சட்டென்று விழும் இரண்டு குழிகளுக்கு இடையில்தான் கோளாறு. நீரூற்று வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், அமோனியாவின் மூலம் அப்படியே இருக்கும். கரைந்த ஆக்சிஜனை விடியலுக்கு முன் அளந்து பாருங்கள், அதுதான் நாளின் மிகக் குறைந்த அளவு. பகலில் பாசி உண்டாக்கும் ஆக்சிஜன் ஏமாற்றிவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீன்கள் தங்கும்.

ஆகாயத்தாமரையைப் பூப்பதற்கு முன் அள்ளி, கரையோரம் குவிக்காமல் அப்புறப்படுத்துங்கள். அழுகினால் அதன் சத்து மறுபடி ஆற்றுக்கே வரும்.

படித்துறை:
நடைபாதை இடது கரையில் மட்டும் போதும், வலது கரையைப் பறவைகளுக்கு விடுங்கள். அகலம் 3 மீட்டர், ஏற்றம் 20-க்கு 1-க்கு மேல் போகாமல் இருந்தால் சக்கர நாற்காலியும் போகும். வழக்கமாக ஆண்டுதோறும் வரும் வெள்ள மட்டத்துக்கு மேலே போடுங்கள். தண்ணீருக்கு அருகே மூழ்கினாலும் கெடாத கற்படிகள் மட்டும் போதும், ஏறி வெளியேறும் வழி எங்கு நின்றாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓட்டத்துக்குக் குறுக்கே கம்பிவேலி வைத்தால் குப்பை சேர்ந்து அணையாகிவிடும். விளக்கு மஞ்சள் ஒளியாக, 2700 கெல்வினுக்குள், நீர்ப்பரப்பில் படாத மறைப்புடன் வையுங்கள். புல்லைப் பாதையோரம் ஒரு மீட்டருக்கு அடிக்கடி வெட்டலாம்; மற்ற இடத்தில் ஓராண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி.