பலாக்கொட்டை: உரிப்பதில் தொடங்கி மாவாக்குவது வரை

பலாக்கொட்டையைத் தூக்கிப் போடுகிறவர்களிடம் காரணம் கேட்டால், உரிக்கிற வேலையைத்தான் முதலில் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அதில் பாதி வேலை தேவையே இல்லை. மேலே வெள்ளையாக இருக்கும் தோல் மட்டும் போயாக வேண்டும், அது எவ்வளவு வேக வைத்தாலும் மென்று தின்ன முடியாது. அதற்குள்ளே பருப்போடு ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். லேசாகத் துவர்க்கும், அவ்வளவுதான், தாராளமாகச் சாப்பிடலாம்.

வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் பரப்பி உலரவிடுவேன். வெள்ளைத் தோல் காய்ந்து பருப்பை விட்டு விலகியதும், கத்தி முனையால் ஒரு ஓரத்தில் கீறி இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். ஈரத்தோடு உரித்தால் நகம்தான் வலிக்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், 100 கிராம் பச்சைக் கொட்டையில் சுமார் 6 முதல் 7 கிராம் புரதம் இருக்கிறது. அதே எடைச் சுளையில் 2 கிராம்கூட இல்லை. மாவுச்சத்து நிறைய, கொழுப்பு மிகக் குறைவு. ரத்தம் ஊறும், முடி வளரும் என்றெல்லாம் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வயிறு நிறைகிற, புரதமும் உள்ள ஒரு உணவு என்பதே எனக்குப் போதும்.

பச்சையாக மட்டும் யாரும் சாப்பிட வேண்டாம். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. நன்றாக வேக வைத்தால் அவை பெருமளவு செயலிழந்துவிடும். வெந்த பிறகும் சிலருக்கு வயிறு உப்பும். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைப்பதுதான் காரணம். முதலில் நாலைந்து கொட்டையோடு நிறுத்திப் பாருங்கள், பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது, வேக வைத்து அப்புறம் வாணலியில் வறுப்பது. உள்ளே அவித்த உருளைக்கிழங்கு போல மாவாக இருக்கும், வெளியே மொறுமொறுப்பு. வேக வைக்காமல் நேரடியாகச் சுடுவதாக இருந்தால் ஒவ்வொன்றையும் கீறிவிடுங்கள், இல்லையென்றால் நீராவி அடைபட்டு வெடிக்கும்.

மாவுக்கு, மெல்லிசாகச் சீவி, சருகாகக் காய வைத்து, வறுத்து அரைக்கிறேன். கோதுமை மாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரதம் இதில் கிடையாது, அதனால் தனியாகப் பிசைந்தால் விரிசல் விடும். கோதுமை மாவில் கால் பங்கு வரை கலந்தால் சரியாக வருகிறது. குழம்பைக் கெட்டியாக்கவும் இந்த மாவு நன்றாக உதவும்.

கொட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வெளியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் அல்லது முளைவிடும். மேல் ஈரம் போனதும் வெள்ளைத் தோலோடு துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பலாக்கொட்டையைப் புளிக்க வைத்து, உலர்த்தி வறுத்தால் சாக்லேட் மணம் வருகிறது என்று காட்டினார்கள். அதைச் செய்து பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. வீட்டில் புளிக்க வைத்தவர்கள் இருந்தால், எத்தனை நாள் விட்டீர்கள், வாடை எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.