60, 15, 5 நிமிட கேண்டில் சேர்த்த ஸ்ட்ராட்டஜி: பேக்டெஸ்ட்ல லாபம், பேப்பர்ல நஷ்டம்

தண்டையார்பேட்டை_பைத்தான்

60 நிமிட கேண்டில்ல (அந்த நேரத்தோட விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டுற பட்டை) விலை 20 ஈஎம்ஏ-க்கு (புது விலைகளுக்கு அதிக எடை தர்ற சராசரி) மேல இருக்கணும், 15 நிமிட ஆர்எஸ்ஐ (விலையோட வேகத்தை 0-லிருந்து 100 வரை காட்டுற அளவு) 50-ஐத் தாண்டணும், 5 நிமிட கேண்டில் முந்தின ஹையை உடைச்சா பை. என்எஸ்இ (தேசிய பங்குச் சந்தை) 1 நிமிட டேட்டாவை பாண்டாஸ்ல (பைத்தானோட டேட்டா லைப்ரரி) ரீசாம்பிள் பண்ணி (பெரிய கேண்டிலா தொகுத்து), மெர்ஜ்_ஏஸாஃப்ல (நேரத்தை வச்சு வரிசைகளை இணைக்கிற ஃபங்ஷன்) சேர்த்திருக்கேன். பேக்டெஸ்ட் (பழைய டேட்டாவுல ஓட்டிப் பார்க்கிறது) கர்வ் நேரா மேல ஏறுது, பேப்பர் டிரேடிங்ல (பணம் போடாம லைவ் விலையில பார்க்கிறது) தினமும் இறங்குது. எங்க கோட்டை விடுறேன் அண்ணா?

ராயபுரம்_டிக்

தம்பி, ரீசாம்பிள் கேண்டிலுக்கு ஆரம்ப நேரத்தைத்தான் முத்திரை குத்தும். 10:00 முத்திரை உள்ள 15 நிமிட கேண்டில் முடியறது 10:15-க்கு. உங்க 10:00 மணி 5 நிமிட வரிசை 10:05-ல முடியுது, ஆனா அதோட சேர்ற ஆர்எஸ்ஐ 10:15 குளோஸ்ல கணக்கிட்டது. 10 நிமிஷம் முன்கூட்டியே தெரிஞ்சா யாருக்குத்தான் லாபம் வராது? 60 நிமிடத்துல இது இன்னும் மோசம்.

மூணு டைம்ஃப்ரேமுக்கும் லேபிள் ரைட் (முத்திரை முடியற நேரம்), குளோஸ்டு லெஃப்ட் (ஆரம்ப நிமிஷம் உள்ள, முடியற நிமிஷம் வெளிய) வைங்க. பிறகு பேக்வர்டு மெர்ஜ், அது அந்த நேரத்துக்குள்ள முடிஞ்ச கேண்டிலை மட்டும் எடுக்கும். என்ட்ரி விலை சிக்னல் வந்த கேண்டிலோட குளோஸ் இல்ல, அடுத்த கேண்டிலோட ஓப்பன்.

சரியாச்சான்னு பார்க்க: 1 நிமிட டேட்டாவை 11:20-ல வெட்டி ஓட்டுங்க, அப்புறம் முழுசா ஓட்டுங்க. 11:20 வரைக்கும் சிக்னல்ல ஒண்ணு மாறினாலும் கசிவு இருக்கு, அதாவது பின்னாடி வர்ற டேட்டா முன்னாடியே உள்ள நுழையுது.

பெரம்பூர்_லோகோ

மேல சொன்னதோட இன்னொண்ணு. 60 நிமிட ரீசாம்பிள் 9:00, 10:00-ன்னு வெட்டும். மார்க்கெட் 9:15-க்குத் திறக்குது, அதனால ஆஃப்செட் (வெட்டுற இடத்தைத் தள்ளி வைக்கிறது) 15 நிமிடம் கொடுக்கணும். சர்வர் நேரம் யுடிசி-ல (உலகப் பொது நேரம்) இருந்தா 9:15 என்பது 3:45, அப்போ அந்த 15 தப்பாயிடும். முதல்ல ஏசியா/கொல்கத்தாவுக்கு மாத்திடுங்க. ராத்திரிக்கு வர்ற காலி வரிசைகளை டிராப்என்ஏ பண்ணிட்டுத்தான் ஈஎம்ஏ போடணும், இல்லன்னா நேத்தைய குளோஸோட வெயிட் கரைஞ்சுடும்.

தண்டையார்பேட்டை_பைத்தான்

11:20 சோதனையில சிக்னல் மாறுது அண்ணா, கசிவுதான். சரி பண்ணதும் ஒரு டிரேடுக்கு சராசரி லாபம் பங்குக்கு 35 காசு, 500 ரூபாய் பங்கு, 200 எண்ணிக்கை. லைவ் போகலாமா?

ராயபுரம்_டிக்

வேண்டாம். ஒரே நாள்ல வாங்கி வித்தா 1 லட்சத்துக்கு எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 25 ரூபாய், புரோக்கரேஜ் ஆர்டருக்கு 20 வீதம் 40, ஸ்டாம்ப் 3, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி சேர்ந்து 80 ரூபாயைத் தொடும். பங்குக்கு 40 காசு. ஸ்லிப்பேஜ் (நினைச்ச விலைக்கும் கிடைச்ச விலைக்கும் உள்ள வித்தியாசம்) சேர்க்காமலே கை நஷ்டம். 15 நிமிட நிபந்தனையை இறுக்கி டிரேடு எண்ணிக்கையைக் குறைச்சுப் பாருங்க.

பெரம்பூர்_லோகோ

லைவ் போற அன்னைக்கு ஸ்டாப்லாஸை (நஷ்டத்தை நிறுத்த வெளியேறுற விலை) கோடுக்குள்ள வைக்காதீங்க, என்ட்ரி ஆனதுமே எக்ஸ்சேஞ்ச்ல எஸ்எல் ஆர்டரா போட்டுடணும். மழைக்காலத்துல நம்ம பக்கம் கரென்ட் போனா வீட்டு மோடமும் சேர்ந்து போயிடும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட 2025 பிப்ரவரி சுற்றறிக்கைப்படி ஏபிஐ-க்கு (நம்ம கோடு புரோக்கருக்கு ஆர்டர் அனுப்புற வழி) ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வேற வேணும், அதனால மும்பை கிளவுட் சர்வர் ஒண்ணு எடுத்து அதுலயே ஓட்டுங்க.