சூடேறியதும் மிஸ் அடிக்கும் 1978 புல்லட்: குறை கார்புரேட்டரிலா, கரண்ட்டிலா?

தண்டையார்பேட்டைவாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1978-ஆம் ஆண்டின் 350 சிசி புல்லட் ஒன்று இருக்கிறது. திருவொற்றியூர் ஆலையில் உருவான, 6 வோல்ட் பேட்டரியும், பொறி வர வேண்டிய கணத்தில் திறந்து கரண்ட்டைத் துண்டிக்கும் பாயின்ட்டும் கொண்ட வண்டி. காலையில் ஒரே உதையில் கிளம்பிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. மிஸ் அடிக்கிறது, சைலன்சரில் டப்பென்று வெடிக்கிறது, சில சமயம் நின்றே போகிறது. ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பிளக் புதியது, கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?

ராயபுரம் ரைடர்:
முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், சிறிது தூரம் ஓடியதும் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது காற்று மெல்ல உள்ளே புகுந்து எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இதுவும் பொருந்துகிறது. அடுத்த முறை மிஸ் அடிக்கும்போது அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும் என்பதால், பெட்ரோல் காக்கின் வடிகட்டியில் துரு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

வியாசர்பாடி பட்டறை:
தம்பி, மூடியைப் பார்ப்பதில் தவறில்லை, காசு செலவில்லாத வேலை. ஆனால் பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் திணறித் திணறித்தான் நிற்கும். சைலன்சரில் வெடிக்கிறது என்றால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேருகிறது, அதாவது பிளக்கில் பொறி தவறுகிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். கார்புரேட்டரில் குறை இருந்தால் அது காலையிலும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். எனவே கார்புரேட்டருக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள்.

என் சந்தேகம் கண்டென்சர் மீது. பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலிலிருந்து (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) பாய்ந்து வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. உள்ளே இருக்கும் காப்பு சூட்டில் தளர்ந்துவிட்டால், அந்த மின்சாரம் பாயின்ட்டின் இடைவெளியிலேயே பொறியாகப் பாய்ந்து வீணாகிறது, பிளக்குக்குப் போக வேண்டிய வலு குறைகிறது. ஆறினால் மறுபடி வேலை செய்யும், அதனால்தான் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது வண்டி நல்லபிள்ளையாக நிற்கிறது. ஆகவே சோதனையைச் சூட்டோடு சூடாகச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக் துளைக்குத் தள்ளி ஹெட்டில் அணைத்து வைத்து உதைத்தால், பொறி நீலமாகச் சடசடவென்று பாய வேண்டும். அது மஞ்சளாக மெலிந்து, அதே நேரம் பாயின்ட்டில் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயின்ட் அமைதியாக இருந்தும் பிளக்கில் வலுவில்லை என்றால் காயிலைச் சந்தேகப்படலாம். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டர். கண்ணால் மதிப்பிடாமல் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தே பாருங்கள்.

கூடவே ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரையும் கவனியுங்கள். சாவியைப் போட்டு, டிகம்ப்ரஸரை (எஞ்சினுள் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் சாய்ந்திருக்கும் நிலையில் ஹேண்டில்பாரை அசைக்கும்போது அது துடித்தால், ஒயரிலோ சாவி சுவிட்சிலோ தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. நம் பக்கத்துக் கடற்காற்றில் இது சாதாரணம். 12 வோல்ட் வண்டி பொறுத்துக்கொள்ளும் சிறு இழப்பை 6 வோல்ட் வண்டி பொறுக்காது.

பெரம்பூர் வாசகர்:
டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில், கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, புஷ்ராடுகள் (வால்வுகளைத் திறக்கத் தள்ளும் கம்பிகள்) கையால் தடையின்றிச் சுழல வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு சரியாக மூடாது, அதுவும் இதே தொல்லையைத்தான் தரும். வேகத்துக்கேற்பப் பொறியின் நேரத்தை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங்கும் சோதிக்கத் தக்கது: பாயின்ட்டைத் திறந்து மூடும் கேமைக் கையால் சற்றுத் திருப்பி விட்டால், அது தானாகத் திரும்பி வர வேண்டும்.

தண்டையார்பேட்டைவாசி:
அனைவருக்கும் நன்றி. மூடியைத் திறந்து பார்த்ததில் மாற்றமில்லை. புஷ்ராடுகளும் கேமும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் சூட்டில் கவரைக் கழற்றிப் பார்த்தபோது, பட்டறை ஐயா சொன்னபடியே பாயின்ட்டில் வெல்டிங்போல் பொறி பறந்தது, முகங்களில் குழியும் விழுந்திருந்தது. புதிய பாயின்ட்டும் கண்டென்சரும் போட்ட பிறகு, சூட்டில் நிற்பது அடியோடு போய்விட்டது. மேடு பள்ளத்தில் மட்டும் எப்போதாவது ஒரு வெட்டு வெட்டியது, முள்ளும் கூடவே துடித்தது. தேடியதில் பேட்டரியின் எர்த் ஒயர் ஃபிரேமில் சேரும் இடம் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் அதுவும் நின்றுவிட்டது. பழைய கண்டென்சரும் வாங்கி அதிக நாள் ஆகாததுதான். இதுவும் அப்படிப் போகாமலிருக்க வழியுண்டா?

வியாசர்பாடி பட்டறை:
உண்டு. கண்டென்சரை எஞ்சின் சூடு படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். காயிலுக்குப் பக்கத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்பில் அதன் உடலை இறுக்கமாகப் பொருத்தி, ஒயரைக் காயிலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் முனையில் இணைத்தால் போதும். பாயின்ட் வைத்த பழைய கார்களின் கண்டென்சரும் ஏறத்தாழ அதே 0.2 மைக்ரோஃபாராட் அளவுதான் என்பதால், புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ கிடைக்கும் தரமான ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். புதிய பாயின்ட்டில் கேமோடு உரசும் ஃபைபர் குதி ஆரம்பத்தில் சற்றுத் தேயும், இடைவெளி குறையும். எனவே கொஞ்சம் ஓட்டிய பிறகு மறுபடி கேஜ் வைத்துப் பாருங்கள். கேமில் கிரீஸ் தடவும்போது கடுகளவுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் அது பாயின்ட் முகத்தில் தெறித்து, மறுபடியும் மிஸ் அடிக்கத் தொடங்கும்.