கூரை மோட்டார் ஓடவில்லை, கூரை பாதியில் நிற்கிறது – அவசர உதவி தேவை

திறந்தவெளி:
வணக்கம். என்னுடைய கன்வெர்ட்டிபிள் காரின் கூரை நேற்று மாலை பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடுவதில்லை. ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது. மோட்டாரை வீட்டிலேயே கழற்றிச் சரிசெய்ய முடியுமா? வானம் இருட்டிக்கொண்டு வருவதால் விரைந்து பதில் தர வேண்டுகிறேன்.

செப்புக்கம்பி:
எந்த ஆண்டு வண்டி, துணிக் கூரையா தகட்டுக் கூரையா என்று எதையும் நீங்கள் சொல்லவில்லை. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் உள்ளதைப் போல மின்மோட்டார் சுழலும் கேபிள்கள் வழியாகக் கூரையை இயக்கும் அமைப்பா, அல்லது மோட்டார் ஒரு பம்பை ஓட்ட, பம்பிலிருந்து வரும் எண்ணெய் சிலிண்டர்களைத் தள்ளும் ஹைட்ராலிக் அமைப்பா என்பது தெரியாமல் எதைக் கழற்றச் சொல்வது? பொத்தானை அழுத்தும்போது ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்து விடும் மின்சுவிட்ச்) 'டக்' என்று ஒலிக்கிறதா என்பதையும் கவனித்து எழுதுங்கள்.

முறுக்குவிசை:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? டிக்கிக்குள் சாமான்களையும் கூரையையும் பிரிக்கும் தடுப்பை இறக்கிப் பூட்டினீர்களா? பூட்டாவிட்டால் அங்குள்ள மைக்ரோ சுவிட்ச் மின்சாரத்தை விடாது. வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும் செய்தி இது. படிப்பதற்குத்தான் இப்போது யாருக்கும் பொறுமை இல்லை.

எண்ணெய்க்கை:
தடுப்பு பூட்டப்படாமல் இருந்திருந்தால் கூரை தொடக்கத்திலேயே அசைந்திருக்காது. இவருடையது பாதி தூரம் வந்து நின்றிருக்கிறது. என் அனுபவத்தில் பாதியில் நிற்கும் கூரைக்கு எண்ணெய்க் குறைவே காரணம். பம்பின் பக்கவாட்டில் உள்ள அளவுக்கோட்டைப் பாருங்கள்.

செப்புக்கம்பி:
எண்ணெய் குறைந்தால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், கூரை மட்டும் நகராது. மோட்டாரே ஓடவில்லை என்கிறாரே.

திறந்தவெளி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2005-ஆம் ஆண்டு வண்டி, இரண்டு இருக்கை, துணிக் கூரை, ஹைட்ராலிக் அமைப்பு. ரிலேயின் ஒலி தெளிவாகக் கேட்கிறது. பேட்டரி புதியது. தடுப்பு பூட்டியே இருக்கிறது. கூரை மடிந்து இறங்கும் குழியில் போன வாரம் தண்ணீர் தேங்கியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

செப்புக்கம்பி:
முதலில் எழுதியிருக்க வேண்டிய செய்தியைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வண்டியைப் போன்ற சில மாடல்களில் பம்பும் மோட்டாரும் அந்தக் குழியின் அடியிலேயே இருக்கும். குழியின் மூலையில் உள்ள வடிகால் துளை இலையாலும் தூசியாலும் அடைபட்டால் மழைநீர் வெளியேற வழியின்றி மோட்டாரைச் சுற்றி நிற்கும். மேலே ஒற்றி எடுத்தாலும் மோட்டார் கூட்டுக்குள் புகுந்த நீர் அங்கேயேதான் இருக்கும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டாருக்கு வரும் இரண்டு தடித்த கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்து, வேறொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 12 வோல்ட்டுக்கு நெருக்கமாகக் காட்டியும் மோட்டார் அசையவில்லை என்றால் கோளாறு மோட்டாருக்குள்ளேதான். ஒன்றுமே காட்டாவிட்டால் ரிலேயிலோ கம்பியிலோ தேட வேண்டும். ஒரு முனையை வண்டியின் உடம்பில் வைத்து அளந்து குழம்பிவிட வேண்டாம். திறக்கவும் மூடவும் மின்சாரத்தின் திசையை மாற்ற வேண்டியிருப்பதால், இந்த மோட்டாருக்கு எர்த்தும் ரிலே வழியாகவே வருகிறது.

மழைக்கு முன் கூரையை மூட வேண்டுமானால், பம்பில் உள்ள அவசரத் திருகைச் சற்றுத் தளர்த்தி எண்ணெய் அழுத்தத்தை விடுவித்து, பக்கத்துக்கு ஒருவராக இருவர் நின்று சமமாகத் தூக்குங்கள். ஒருவர் மட்டும் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கீல்களுக்கு நடுவே விரலை வைக்காதீர்கள்.

முறுக்குவிசை:
இவ்வளவு நீட்டி முழக்கத் தேவையில்லை. மோட்டாரின் தலையில் ஸ்பானரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும். அப்படியே சிறிது பிரேக் ஆயிலும் ஊற்றி வைக்கலாம். என் பழைய வண்டியில் பல ஆண்டுகளாக அதைத்தான் ஊற்றுகிறேன்.

எண்ணெய்க்கை:
தட்டுவதில் தவறில்லை; சிக்கிய பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) விடுபட்டுச் சில நாள் ஓடக்கூடும். ஆனால் பிரேக் ஆயில் யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். பழைய அமெரிக்கக் கார்கள் சிலவற்றின் கூரைகள் பிரேக் ஆயிலில் இயங்கியது உண்மைதான், ஆனால் அவற்றின் ரப்பர் சீல்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. கனிம எண்ணெய்க்கான சீல்கள் கிளைக்கால் கலந்த பிரேக் ஆயில் பட்டால் கெட்டுப்போகும். அதன்பின் எண்ணெய் சிலிண்டரிலிருந்து கசிந்து துணியில் இறங்கும்.

முறுக்குவிசை:
என் வண்டியில் இன்றுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. புத்தகத்தில் படித்ததை எழுதுவது எளிது, வண்டியில் கைவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணெய்க்கை:
உங்கள் வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொன்னால் விவாதம் முடிந்துவிடும்.

முறுக்குவிசை:
1967.

நிழற்குடை:
பிரேக் ஆயிலுக்கென்றே செய்யப்பட்ட சீல்களாக இருக்கலாம், பிறகு ஏன் கசியப்போகிறது? கேட்டவர் எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஐயா. பல பம்புகளில் மின்மோட்டாரின் பாகம் மட்டும் சில திருகுகளில் தனியாக வந்துவிடும். கம்பிகளையும் பம்பையும் வெளியே எடுத்த பிறகு, எண்ணெய்க் குழாய்களைத் தொடாமலேயே பிரஷ்களைப் பார்த்துவிடலாம்.

திறந்தவெளி:
அனைவருக்கும் நன்றி. மீட்டர் 11.8 காட்டியது, மோட்டார் அசையவில்லை. கழற்றி மூடியைத் திறந்தபோது காவி நிறத் தண்ணீர் ஒரு தேநீர்க் குவளை அளவுக்கு வழிந்தது. ஒரு கார்பன் பிரஷ் துருவோடு சேர்ந்து தன் கூட்டிலேயே இறுகி, கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செப்பு உருளையை) தொடாமல் நின்றிருந்தது. துருவைச் சுரண்டி, கம்யூட்டேட்டரை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஒரு நாள் உலரவிட்டு மாட்டினேன். கூரை மூடிவிட்டது, சத்தம் மட்டும் முன்பைவிடச் சற்றுக் கரகரக்கிறது. வடிகாலுக்குள் கம்பியை விட்டபோது மட்கிய இலைகள் கட்டியாக வந்தன.

செப்புக்கம்பி:
கரகரப்பு பேரிங்கிலிருந்து வருவது. அதிலும் தண்ணீர் போயிருக்கும். மோட்டாரை மறுபடியும் அதே குழியின் அடியிலேயே வைத்தீர்களா, அல்லது குழாய்களை நீட்டி டிக்கிக்கு மாற்றினீர்களா?

நிழற்குடை:
பத்து நாளாயிற்று. கேட்டவர் வரவில்லை, கூரையைத் திறந்துகொண்டு போய்விட்டார் போலும்.